வெயிலையும் மழையையும் தாங்கும் நாய்க்கூடு: வீட்டிலேயே கட்டுவது குறித்து ஓர் ஆய்வு

வாசலிலும் தோட்டத்திலும் வளரும் நாய்களுக்காக நாம் கட்டித் தந்த கூடுகள் பலவற்றில் நாய் தங்குவதில்லை. சித்திரை மாத நண்பகலில் எந்தத் தெருவிலும் இதைப் பார்க்கலாம். தகரக் கூரை போட்ட கூடு காலியாகக் கிடக்கும். நாய் துவைக்கல்லுக்குப் பக்கத்தில் ஈர மண்ணைப் பறித்து, அந்தக் குழியில் வயிற்றைப் பதித்துப் படுத்திருக்கும். ஐப்பசி அடைமழையில் அதே கூட்டின் தரையில் தண்ணீர் நிற்கும். நாய் வாசற்படியில் நனைந்தபடி உட்கார்ந்திருக்கும். "அதுக்குக் கூடு பிடிக்கல" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். நாயோ தன் உடம்பால் அளந்து பார்த்துத்தான் அந்தக் கூட்டை ஒதுக்கியிருக்கிறது.

தவறு பெரும்பாலும் மாதிரியிலிருந்தே தொடங்குகிறது. நாய்க்கூடு என்றதும் நம் கண் முன் வருவது நான்கு பக்கமும் அடைத்து, முன்னால் வளைவான சிறு வாசலும் மேலே கூம்புக் கூரையும் வைத்த மரப்பெட்டி. அது பனி பெய்யும் நாடுகளில் உருவான வடிவம். நாயின் உடம்புச் சூடு வெளியே போகாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. நம் சமவெளி ஊர்களில் தேவை இதற்கு நேர் எதிரானது: சூடு உள்ளே சேராமல் இருக்க வேண்டும், சேர்ந்த சூடு உடனே வெளியேற வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளிக்கு ஏற்ற நாய்க்கூட்டுக்கு நம் பழைய வீடுகளின் திண்ணையே சரியான மாதிரி. உயர்ந்த தளம், ஆழ்ந்த நிழல், பின்னால் சுவர், முன்னால் திறப்பு, மேலே இறங்கி நிற்கும் தாழ்வாரம் என்று அதில் இருக்கும் ஒவ்வொன்றும் நாய்க்கும் தேவை.

எதிலிருந்து காக்க வேண்டும்?

முதலில் வெயில். சென்னையில் 2003 மே மாத இறுதியில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. வேலூர், திருத்தணி, கரூர், மதுரை போன்ற ஊர்களில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. அடுத்தது தண்ணீர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை சில நாட்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மேலிருந்து விழும் மழையைக் கூரை தடுத்துவிடும். காற்றோடு சாய்ந்து அடிக்கும் சாரலும் தரையில் ஏறும் தண்ணீருமே கூட்டைப் பாழாக்கும். மூன்றாவது உண்ணி. கூட்டின் சந்துபொந்துகளில் குடியேறும் உண்ணி எல்லாப் பருவத்திலும் நாயின் ரத்தத்தைக் குடித்து, நோயையும் பரப்பும். மார்கழி, தை மாதக் குளிர் சமவெளியில் நான்காவது இடத்தில்தான் வருகிறது. குளிரை முதலில் வைத்துக் கட்டிய கூடு மற்ற மூன்றிலும் தோற்றுவிடும்.

நாயின் உடல் வெப்பம் இயல்பாகவே நம்மைவிட அதிகம், ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி வரை. நம்மைப் போல உடல் முழுவதும் வியர்த்துக் குளிர அதனால் முடியாது. பாதங்களில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சுற்றிலும் உள்ள காற்று ஈரமாகத் தேங்கி நின்றால் இந்த ஆவியாதல் மட்டுப்படும். அடைத்த பெட்டிக்குள் நாய் விடும் மூச்சே அந்தக் காற்றை ஈரமாக்கிவிடுகிறது. உடல் வெப்பம் 41 டிகிரிக்கு மேல் போனால் மூளை, சிறுநீரகம் உட்பட உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். உயிர் போவதற்குச் சில மணி நேரம் போதும். காற்றோட்டம் உயிர் காக்கும் விஷயம் என்பது இதனால்தான்.

இனத்துக்கு இனம் தேவையும் மாறும். ராஜபாளையம் நாய்க்கு வெள்ளை முடியும் இளஞ்சிவப்பு மூக்கும் மெல்லிய தோலும் உண்டு. நேர் வெயில் அதன் தோலைச் சுட்டுவிடும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒட்டிய வயிறும் குறைந்த கொழுப்பும் உள்ள வேட்டை இனங்கள். எலும்பு துருத்திய முழங்கைகள் வெறும் சிமெண்ட் தரையில் அழுந்தி அழுந்திக் காய்த்துப்போகும். மார்கழிப் பனியிலும் இவை நடுங்கும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களால் சரியாக மூச்சிரைக்கவே முடியாது. ஹஸ்கி போன்ற அடர்முடி நாய்களும் நம் வெயிலுக்குப் பிறந்தவை அல்ல. இவற்றுக்கு எவ்வளவு நல்ல கூடு கட்டினாலும் சமவெளியில் வெளியே வளர்ப்பது தகாது. அவற்றின் இடம் வீட்டுக்குள்தான்.

இப்போது வழக்கில் உள்ள கூடுகள்

வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கும் இரும்புக் கூண்டுதான் இன்று அதிகம். காற்று நன்றாக வரும், நாய் கடித்துச் சேதப்படுத்தாது, இடம் மாற்றலாம் என்பவை இதன் நல்ல பக்கங்கள். ஆனால் கூரையும் பின்பக்கமும் பெரும்பாலும் ஒற்றைத் தகரம். நேர் வெயிலில் தகரத்தின் சூடு 60 டிகிரியைத் தாண்டும்; அந்தச் சூடு கீழே படுத்திருக்கும் நாயின் முதுகில் இறங்கும். அடிப்பகுதியில் சிறுநீர் பட்டுப் பட்டு, நான்கு கால்களும் முதலில் துருப்பிடிக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதை இன்னும் விரைவுபடுத்தும்.

பிளைவுட் பெட்டி பார்க்க அழகாக இருக்கும். ஐ.எஸ். 303 முத்திரையில் கிடைக்கும் சாதாரண வகை ஈரப்பதத்தைத்தான் ஓரளவு தாங்கும். தொடர்ந்து நனைந்தால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் தண்ணீரைத் தாங்கும். விலை கூடுதல், வெட்டிய ஓரங்களுக்கு வண்ணம் பூசி அடைக்காவிட்டால் அதுவும் நிலைக்காது. எந்த மரமானாலும் மண்ணைத் தொட்டால் கறையான் ஏறும். கறையானுக்கு மருந்து அடித்த மரத்தை நாய் கடிக்கும், நக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஓலைக் கொட்டகை வெயிலுக்கு நல்லது. பனையோலையும் தென்னங்கீற்றும் சூட்டைக் கீழே இறக்குவதில்லை. ஆனால் கீற்றை இரண்டு மூன்று ஆண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும். எலி, பூரான், உண்ணி எல்லாம் அதில் தங்கும். தீபாவளி நேரத்தில் ஒரு பொறி போதும், தீப்பிடித்துவிடும்.

ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் சிமெண்ட் ஷீட்டைப் பலரும் மிச்சம் மீதியிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அறுக்கும்போதும் உடையும்போதும் பறக்கும் நுண்ணிழைதான் ஆபத்து. நாய் சுரண்டும், கடிக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. பழைய இரும்பு டிரம்மைப் படுக்கவைத்து நாயை விடும் பழக்கமும் உண்டு. வெளியே வைக்கும் நாய்களுக்கு உலோகப் பீப்பாய், பழைய கார், பழைய குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைத் தங்குமிடமாக வைக்கக் கூடாது என்று அமெரிக்க விலங்கு நல விதிகள் வெளிப்படையாகவே தடுக்கின்றன. வெயில் இன்னும் கடுமையான நம் ஊரில் அந்தத் தடை இன்னும் பொருந்தும்.

செங்கல், ஹாலோ பிளாக் வைத்துக் கட்டும் கூடு நீண்ட நாள் உழைக்கும், காற்றுக்கு அசையாது, கழுவ எளிது. மூன்று பக்கம் முழுச் சுவர், மேலே கான்கிரீட் மூடி, முன்னால் கம்பிக் கதவு என்று அடைத்துக் கட்டுவதுதான் அதில் நடக்கும் தவறு. பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட், இரவில் அந்தச் சூட்டை உள்ளே விடும். இந்தக் குறையைத் திருத்திக்கொண்டால் நம் ஊருக்கு மிகச் சிறந்தது கட்டுமானக் கூடுதான்.

இடமும் திசையும்

பொருளைவிட இடம் முக்கியம். வேப்ப மரத்தடியில் வைத்த சுமாரான கூடு, வெட்டவெளியில் வைத்த விலை உயர்ந்த கூட்டைவிட மேல். மரம் இல்லாத வீட்டில், பிற்பகல் வெயில் படாத வீட்டுச் சுவரின் கிழக்குப் பக்கமே முதல் தேர்வு. வீட்டுச் சுவரின் நிழலே மேற்கு வெயிலை மறைத்துவிடும். தென்னை மரத்தடி கூடவே கூடாது. தேங்காயும் மட்டையும் விழும். கழிவுநீர்த் தொட்டி, எலி நடமாடும் விறகுக் குவியல், பாம்பு அண்டும் கல் குவியல் ஆகியவற்றிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும். நாயிடமிருந்து மனிதருக்கும் வரும்.

வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை ஊரின் காற்றும் சூரியனும் முடிவு செய்கின்றன. கிழக்குக் கடலோர மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய உள்மாவட்டங்களிலும் பருவமழைச் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். எனவே தெற்குப் பார்த்த வாசலில் கோடை நண்பகல் வெயில் நுழையாது, ஐப்பசிச் சாரலும் நேராக அடிக்காது, தென்றல் வரும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது இளவெயில் உள்ளே விழுந்து தரையைக் காயவைக்கும். ஒரே திசையில் இத்தனை நன்மை அமைவது அரிது.

தென்காசி, கன்னியாகுமரி, கோவை, பொள்ளாச்சிப் பக்கம் கணக்கு வேறு. அங்கே தென்மேற்குப் பருவக் காற்று மலைக் கணவாய் வழியாகப் பலமாக வீசும். சாரலும் மேற்கிலிருந்து வரும். அங்கே கிழக்குப் பார்த்த வாசலும், மேற்கிலும் தெற்கிலும் முழுச் சுவரும் பொருந்தும். எந்த ஊரானாலும் மேற்குப் பார்த்த வாசல் வேண்டாம்.

தரை

நாய் தன் வாழ்நாளில் பாதிக்கு மேல் தரையில் படுத்துத்தான் கழிக்கிறது. ஆனால் கூடு கட்டுபவர்கள் கடைசியாக யோசிப்பது தரையைத்தான். பெருமழையில் உங்கள் வாசலில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதைச் சுவரில் உள்ள கறையே சொல்லும். அதற்கு மேல் அரை அடியாவது உயர்த்திப் பேஸ்மட்டம் போட வேண்டும். தண்ணீர் நிற்காத இடத்திலும் ஒன்றரை அடி உயரம் நல்லது. தரைச் சூடும் மண் ஈரமும் ஏறாது, தேளும் பூரானும் எளிதில் நுழையாது, காற்றும் கூடுதலாகக் கிடைக்கும்.

தளத்துக்கு வாட்டம் அவசியம். குளியலறைக்குக் கொத்தனார் விடுவதுபோல அடிக்குக் கால் அங்குலம் முன்பக்கமாகச் சாய்த்தால் சிறுநீரும் கழுவிய தண்ணீரும் ஓடிவிடும். விளிம்பில் சிறு வடிகால் வைத்து, அதைச் செடிகளுக்குத் திருப்பலாம். மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்க்கவே கூடாது. ஈரம் பட்ட வழுக்குத் தரையில் கால் விரிந்து விரிந்து வளரும் குட்டிக்கு இடுப்பு மூட்டு பாதிக்கப்படும். ஈரம் காயும் முன் தென்னந்துடைப்பத்தால் கோடிழுத்துவிட்டால் பிடிமானம் கிடைக்கும். டைல்ஸ் வேண்டாம். கடப்பாக் கல் பலகை நிழலில் குளிர்ச்சியாக இருக்கும். வெயில் படும் இடத்தில் அதன் கறுப்பு நிறம் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

சிமெண்ட் தரை கோடைக்கு இதம், மழைக்காலத்தில் குளிர். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மூலையில் படுக்கை வேண்டும். நைலான் நாடா பின்னிய சிறு இரும்புக் கட்டில் இதற்கு மிகவும் பொருத்தம். அடியில் காற்று போகும், ஈரம் தங்காது, முழங்கை காய்க்காது, தூக்கி வெளியே வைத்துக் கழுவலாம். பழைய சாக்கு விரிப்பதாக இருந்தால் வாரம் ஒருமுறை வெந்நீரில் நனைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். உலர்த்தாத சாக்கு உண்ணி வளர்க்கும் இடமாகிவிடும்.

சுவர், காற்று, கூரை

மூன்று பக்கமும் நாயின் தோள் உயரத்தைவிடச் சற்று அதிகமாக, மூன்றரை அடி வரை நாலரை அங்குலச் செங்கல் சுவர் போதும். அதற்கு மேல் கூரை வரை வெல்டு மெஷ். படுத்திருக்கும் நாயின் மேல் சாரல் அடிக்காமல் சுவர் காக்கும். மேலே ஏறும் சூடான காற்று மெஷ் வழியே வெளியேறும். பின்சுவரின் அடியில் ஒரு செங்கல் அளவுக்கு இரண்டு துளைகள் விட்டு, எலி புகாதபடி சிறுகண் வலை அடித்தால், குளிர்ந்த காற்று கீழே நுழைந்து சூடான காற்றை மேலே தள்ளும். மழைக்காலத்தில் அந்தத் துளைகளைச் செங்கல்லாலேயே அடைத்துக்கொள்ளலாம். மெஷ்ஷின் கண் ஒரு அங்குலத்துக்கு மேல் போனால் குட்டியின் கால் மாட்டும். கம்பி முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று கையால் தடவிப் பார்த்து, ராவி விட வேண்டும்.

கூரையில்தான் கூட்டின் தலையெழுத்து இருக்கிறது. மங்களூர் ஓடு நம் பருவத்துக்கு நன்கு பழகிய பொருள். ஓட்டுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகள் வழியாகவே சூடு வெளியேறும். சரிவு போதிய அளவு இல்லாவிட்டால் ஒழுகும் என்பதால் கைமரமும் ரீப்பரும் சரியாக அமைய வேண்டும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் நல்ல ஓடு குறைந்த விலையில் கிடைக்கிறது.

தகர ஷீட் போடுவதாக இருந்தால் ஒற்றை அடுக்காகப் போடக் கூடாது. ஷீட்டுக்குக் கீழே மூன்று நான்கு அங்குல இடைவெளி விட்டு மூங்கில் தட்டி கட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே காற்று ஓட முன்னும் பின்னும் திறந்திருக்க வேண்டும். மேல்தட்டின் சூடு அந்த இடைவெளியிலேயே கழிந்துவிடும். ஷீட்டின் மேல் வெள்ளைப் பூச்சு இருந்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும். கோடையில் மட்டும் மேலே கீற்று பரப்பிக் கட்டி, மழைக்கு முன் எடுத்துவிடுவது இன்னும் நல்லது. எந்தக் கூரையானாலும் நான்கு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீண்டிருக்க வேண்டும். சாரலைத் தடுப்பதில் சுவரைவிடத் தாழ்வாரத்துக்கே பங்கு அதிகம்.

வண்ணம் பூசும்போதும் கவனம் தேவை. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் வாங்கி மூலையில் கிடக்கும் பழைய டின்னை நாய்க்கூட்டுக்குத் தீர்க்க வேண்டாம். நாய் அதைச் சுரண்டித் தின்னும். உட்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதே சிறந்தது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் நாயை உள்ளே விட வேண்டும். ஈரச் சுண்ணாம்பு பாதத்தையும் நாக்கையும் புண்ணாக்கும்.

எவ்வளவு பெரிது?

அமெரிக்க விதிகளில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அங்குலத்தில் அளந்து, அதோடு 6 கூட்டி, வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் எத்தனை சதுர அடித் தரை வேண்டும் என்று தெரியும். 42 அங்குல நீளமுள்ள ஒரு ராஜபாளையம் நாய்க்கு இது 16 சதுர அடி, அதாவது நாலுக்கு நாலு அடி. உயரம், நிமிர்ந்து நிற்கும் நாயின் தலைக்கு மேல் 6 அங்குலம்.

இது குறைந்தபட்ச அளவு என்பதை மறந்துவிடக் கூடாது. குளிர்நாட்டில் சிறிய கூடு உடல் சூட்டைக் காக்கும் என்பதால் இறுக்கமாகக் கட்டுவார்கள். நமக்கு அந்தக் காரணமே கிடையாது. நாய் நான்கு காலையும் நீட்டிப் பக்கவாட்டில் படுக்கும்போதுதான் அதன் உடம்பு அதிகமாகச் சூட்டை வெளியேற்றுகிறது. அப்படி நீட்டிப் படுக்க இடம் இல்லாத கூடு நம் வெயிலுக்கு ஆகாது. குட்டியின் இன்றைய அளவுக்குக் கட்டாமல், வளர்ந்த நாயின் அளவுக்கே கட்ட வேண்டும். நாமும் குனிந்து உள்ளே போய்க் கழுவும்படி இருக்க வேண்டும். கை எட்டாத மூலை சுத்தமாகாது.

உண்ணி

நம் வீட்டு நாய்களில் காணும் பழுப்பு நாய் உண்ணி, நாயின் உடம்பில் இருப்பதைவிடக் கூட்டின் விரிசல்களில் கழிக்கும் காலமே அதிகம். முட்டையிலிருந்து வெளிவரும் புழு, அடுத்த நிலை இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி என்று மூன்று நிலையிலும் அது நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்து, பிறகு கீழே விழுந்து சுவரில் ஏறி ஒளிந்துகொள்ளும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி ஒரு விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உணவில்லாமல் பல மாதங்கள் காத்திருக்கவும் முதிர்ந்த உண்ணியால் முடியும். எர்லிக்கியா, பபேசியா போன்ற ரத்த நோய்களைப் பரப்புவதும் இதுவே. மூக்கில் ரத்தம் வடிந்து, ஈறு வெளுத்து, சாப்பிடாமல் சுருண்டு படுக்கும் நாய்களை நம் கால்நடை மருத்துவமனைகளில் அடிக்கடி பார்க்க நேர்கிறது.

ஒரு பழைய கூட்டின் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சு விட்டுப்போன கீற்றல் நெடுக, சாம்பல் நிற ஆமணக்கு விதை அளவில் உப்பிய உண்ணிகளும், அவற்றைச் சுற்றிக் கடுகைவிடச் சிறிய பழுப்புப் புள்ளிகளும் தெரியும். நாய்க்கு எத்தனை மருந்து போட்டாலும் மறுபடி உண்ணி ஏறுவது இங்கிருந்துதான். ஆகவே கட்டும்போதே உட்பக்கம் முழுவதும் விரிசல் இல்லாமல் பூச வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல் வளைத்துப் பூச வேண்டும். மரத்தைக் குறைக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை கீற்றல்களைச் சிமெண்ட் பாலால் அடைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மருந்து தெளிப்பது கால்நடை மருத்துவர் சொன்னபடி, நாயை வெளியே மாற்றிய பிறகே. பினாயில் ஊற்றிக் கழுவினால் நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட வேண்டும். நாய் பாதத்தை நக்கும்போது அது வயிற்றுக்குள் போகும்.

புயல், வெள்ளம், வெடி

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோதும், 2018 நவம்பரில் நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதியில் கஜா கரையைக் கடந்தபோதும், ஷீட் கூரைகள் எப்படிப் பறந்தன என்பதைப் பார்த்தோம். காற்று ஷீட்டை மேலிருந்து அழுத்துவதைவிட அடியில் புகுந்து தூக்குவதே அதிகம். ஓரங்களும் மூலைகளும் முதலில் கிளம்பும். அதனால் ஆணி அடித்த கூரை நிற்காது. ஜே போல்ட்டும் வாஷரும் வைத்துக் குழாயோடு இறுக்கி, அந்தக் குழாயின் காலைப் பேஸ்மட்டத்துக்குள்ளேயே கான்கிரீட்டில் புதைக்க வேண்டும். இடம் மாற்றும் இரும்புக் கூண்டையும் நான்கு மூலையில் தரையோடு பிணைக்க வேண்டும்.

இத்தனையும் செய்தாலும், புயல் எச்சரிக்கை வந்தால் நாயை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவு காற்றுக்குத் தோட்டத்துக் கூடு எதுவும் பொறுப்பேற்காது. வெள்ளம் வரும் அறிகுறி தெரிந்தால் முதலில் சங்கிலியைக் கழற்ற வேண்டும், கூண்டுக் கதவைத் திறக்க வேண்டும். நாய்க்கு நீந்தத் தெரியும். கட்டிப்போட்ட நாயால் நீந்த முடியாது. வீட்டை விட்டு வெளியேறும் அவசரத்தில் முதலில் மறந்துபோவதும் இதுதான்.

தீபாவளி வெடிச் சத்தம் நாய்க்கு இன்னொரு புயல். கூட்டின் பின்மூலை இரண்டு பக்கமும் முழுச் சுவராக இருந்தால் நாய் அங்கே ஒண்டிக்கொள்ளும். நான்கு பக்கமும் கம்பியாக இருந்தால் முட்டி மோதி முகத்தைக் கிழித்துக்கொள்ளும். அந்த இரவிலும் வீட்டுக்குள் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

மலையும் மாடியும்

ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது. அங்கே மட்டும் குளிர்நாட்டுப் பெட்டி பொருந்தும்: சிறிய அறை, தடித்த பலகை, ஓரமாக வைத்த வாசல், வாசலில் தொங்கும் கனத்த திரை, தரையில் வைக்கோல். ஈரமான துணியைவிடக் காய்ந்த வைக்கோல் சூட்டை நன்றாகக் காக்கும்.

மொட்டை மாடியில் நாய் வளர்ப்பது நகரங்களில் பெருகிவருகிறது. மேலே வெயில், கீழே கொதிக்கும் தளம், சுற்றிலும் எதிரொளிக்கும் கைப்பிடிச் சுவர் என்று மூன்று பக்கச் சூடு அங்கே. படிக்கட்டு அறையின் நிழல், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உள்ள நிழல் ஆகியவற்றைத் தவிர வேறு எங்கும் கூடு வைக்கக் கூடாது. கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதிக்கும் நீளத்துக்குச் சங்கிலி இருந்தால் நாய் கழுத்து இறுகித் தொங்கிவிடும். மின்விசிறி வைப்பதாக இருந்தால் ஒயர் நாய்க்கு எட்டாதபடி குழாய்க்குள் போக வேண்டும். இரும்புக் கூண்டுக்கு எர்த் இணைப்பும், மின்கசிவில் தானாகத் துண்டிக்கும் சாதனமும் கட்டாயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு நேரடியாக நாய்க்கூட்டைத் தொடுகிறது. நியாயமான அளவு அசைந்து நடமாட இடம் தராத கூண்டில் விலங்கை அடைப்பது, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது, எப்போதும் கட்டியோ அடைத்தோ வளர்க்கும் நாயை உலாவவிடாமல் இருப்பது, போதிய உணவும் நீரும் தங்குமிடமும் தராமல் இருப்பது எல்லாம் அந்தப் பிரிவில் குற்றம். சட்டத்தைவிட எளிய நியாயம் ஒன்று உண்டு. அவிழ்த்துவிட்ட நாய் நிழலைத் தேடிப் போய்விடும். கட்டிப்போட்ட நாயின் நிழல், தண்ணீர், காற்று எல்லாமே நம் கையில்தான். எவ்வளவு நேரம் கட்டிவைக்கிறோமோ அவ்வளவுக்குக் கூட்டின் தரத்துக்கு நாம் பொறுப்பு. எவ்வளவு நல்ல கூடும் நடைக்கும் ஓட்டத்துக்கும் மனிதர் துணைக்கும் ஈடாகாது.

ஒரு மாதிரித் திட்டம்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, லாப்ரடார் அளவுள்ள ஒரு நாய்க்குச் சமவெளியில் பொருந்தும் திட்டம் இது. ஆறடி அகலம், ஏழரை அடி நீளம், ஒன்றரை அடி உயரத்தில் பேஸ்மட்டம். அதற்குள் நிரப்ப அரை யூனிட் கிராவல் போதும். பின்பாதியில் உள்ளளவு ஐந்துக்கு நாலு அடி அறை. முன்னால் மூன்றடித் திறந்த தளம். பேஸ்மட்டத்தின் ஒன்பது அங்குலச் சுவருக்கும் மேலே மூன்றரை அடி உயர நாலரை அங்குலச் சுவருக்கும் சேர்த்துச் சுமார் 600 செங்கல் பிடிக்கும். ஆறு இரும்புக் குழாய்க் கால்கள். முன்பக்கம் ஆறடி, பின்பக்கம் நாலரை அடி உயரம். கூரை பின்னோக்கிச் சரிந்து, மழைநீர் வாசலில் விழாமல் பின்னால் போகும். ஷீட், அதன் கீழே இடைவெளி, மூங்கில் தட்டி. அறைக்கும் திறந்த தளத்துக்கும் நடுவே இரண்டடி அகல வழி. கதவு வேண்டுமானால் முன்தளத்தின் வெளிவிளிம்பில் வெல்டு மெஷ் கதவு. முன்தளத்தில் நிழல் விழும் மூலையில் கவிழாத சிமெண்ட் தொட்டியில் தண்ணீர், தினமும் மாற்றி. இரும்பு முழுவதும் ரெட் ஆக்சைடு அடித்து அதன் மேல் வண்ணம். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு வெல்டர் சேர்ந்தால் வேலை சில நாட்களில் முடிந்துவிடும். சிமெண்ட் இறுகுவதற்கு ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்ற வேண்டும்; அதற்குப் பொறுக்காத அவசரத்தில்தான் பல தளங்கள் வெடிக்கின்றன.

எல்லாருக்கும் இதற்குப் பணம் இருக்காது. குறைந்த செலவில் தொடங்குபவர்களும் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் நிழல்: செலவே இல்லாமல் சரியான இடத்தைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாவது உயர்ந்த, வாட்டமுள்ள தளம். மூன்றாவது இடைவெளி விட்ட இரட்டைக் கூரை. நான்காவது சாரல் அடிக்கும் பக்கத்தில் மட்டும் ஒரு சுவர். மற்ற சுவர்களும் கதவும் அழகும் பிறகு வரட்டும். பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கதவிலும் கம்பியிலும் வண்ணத்திலும் பணத்தைக் கொட்டிவிட்டு, நிழலையும் தளத்தையும் விட்டுவிடுகிறார்கள். உறுதி என்பது கம்பியின் கனத்தில் மட்டும் இல்லை. மே மாதப் பிற்பகல் இரண்டு மணிக்குக் கட்டியவரே உள்ளே போய் அரைமணி நேரம் உட்கார முடிந்தால், ஒரு நாள் முழுக்கப் பெய்த மழைக்குப் பின் படுக்கையைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்திருக்கக் கண்டால், அந்தக் கூடு உறுதியானது. இந்த இரண்டு சோதனையிலும் தேறாத கூட்டில் நாயை அடைக்க நமக்கு உரிமை இல்லை.